துரை வாய் திறக்கவில்லை

இன்றைக்கும் துரை வாய் திறக்கவில்லை. பேச்சி பல்லைக்கூட விளக்காமல் தொட்டி முன்னால் வந்து குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல விளக்கு தானாக எரிந்து, அதன்மேல் வெள்ளை விளக்கும் எரிந்து, மோட்டார் குர்ரென்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது, ஆரஞ்சு மீன் ஒன்றும் நடக்காத மாதிரி கண்ணாடியோரமாகப் போய்ப் போய்த் திரும்பியது, துரை மட்டும் நேற்று மாதிரியே இருந்தார். ஏழு கல் குழாய், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சையும் ஊதாவுமாக ஒரு பூ இருக்க வேண்டும், விளக்கு எரிந்ததும் விரல் விரலாக நீட்டித் தண்ணீரில் ஆட வேண்டும், அதற்குப் பதிலாக ஏழு குழாயிலும் ஏழு மூடின உதடு, சுருக்குப்பை வாயை இழுத்துக் கட்டினது போல. ஓரத்துக் குழாயில் சதை விலகி வெள்ளையாய்க் கல் தெரிகிறதா, இல்லை வெளிச்சமா. வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சமாக இருக்கட்டும் தாயே. பவளம் என்றால் செடி என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்தாள், பிறகு கல் என்று நினைத்தாள், குமரவேல்தான் சொன்னான், செடியும் இல்ல, கல்லும் இல்ல, உயிரு, தனக்குத்தானே கல்லுல வீடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிற உயிரு, வாய் இருக்கு, வயிறு இருக்கு, பேரு டங்கன். பேரைக் கேட்டதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருத்தன் குதிரைமேல் வருவது போலிருந்தது அவளுக்கு, டங்கன் துரையா என்று தன்னை மறந்து கேட்டுவிட்டாள், அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்றிலிருந்து வீட்டில் அது துரைதான். துரை முழிச்சிட்டாரா, துரை சாப்பிட்டாரா, துரைக்கு இன்னிக்கு மூடு சரியில்லையா. கொளத்தூரில் மீன்தொட்டிக் கடையில் வேலை அவனுக்கு, ஆபீஸ், ஓட்டல் என்று ஊர் ஊராகப் போய்த் தொட்டி மாட்டிக் கொடுப்பான், அப்படிப் போன வீட்டில் ஒருவர் தன் தொட்டியில் வளர்ந்ததில் ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தார், இரண்டு தலையோடு வந்தது இவன் கையில் ஏழாகிவிட்டது. கோயம்புத்தூர் ஓட்டல் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், பயப்படாத பேச்சி, இது ரொம்பக் கெட்டி உயிரு, எதையும் தாங்கும், இதைச் சாகடிக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். தனித் திறமை. இன்றைக்கு மதியம் வந்துவிடுவான்.

தனித் திறமை. எழுந்து பல் விளக்கப் போனாள், பாதியில் திரும்பி வந்து பார்த்தாள், விளக்கி முடித்து வந்து பார்த்தாள், பார்க்காமல் இருந்தால் திறக்குமோ என்று அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள், காய்ச்சும்போதே கழுத்து திரும்பியது. பக்கத்தில் வைத்திருந்த போனை எடுத்து, எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்து, நேற்று அவனுக்கு அனுப்பின படத்தைப் பார்த்தாள். துரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று நேற்று சாயங்காலம் கேட்டான், இவள் என்ன செய்தாள், போன மாசம் எடுத்து வைத்திருந்ததை அனுப்பினாள், ஏழு பூவும் விரிந்து ஆடுகிற படம், துரை ராஜா மாதிரி இருக்கிற படம். அவன் சரி என்று மட்டும் போட்டான். எப்போதும் வருகிற ரோஜாப்பூ இல்லை, பாப்பா என்ன பண்றா இல்லை, சரி. வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துப் படுத்தாள், தூங்கவும் தூங்கினாள், இப்போது பால் பொங்கி வரும் நேரத்தில் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடியில் நிழலடிக்கிறது, போனைப் பிடித்த இவள் கை, இவள் இடுப்பு, இடுப்பில் மகள் தச்சு, தச்சுவின் உச்சந்தலையில் சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட குடுமி தென்னங்குருத்து மாதிரி நிற்கிறது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. போன மாசக் கடைசியில்தானே குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டார்கள், தாய்மாமன் ஊரிலிருந்து வர முடியாமல் குமரவேலின் அண்ணன் மடியில் உட்காரவைத்து, பிள்ளை கத்தின கத்தலில் பூசாரியே கண்ணை மூடிக்கொண்டார், அந்தத் தலையில் இப்போது கடுகு ஒட்டினது மாதிரிதான் முடி. பார்த்திருப்பானா. மகள் தலையை அவன் பார்க்காமல் இருப்பானா, கூடத்தில் அவன் நுழைந்தால் முதலில் தடவுவது அந்த மொட்டையைத்தானே. சரி. சரி என்றால் என்ன சரி. உடம்பெல்லாம் எறும்பு ஏறினது மாதிரி இருந்தது, முகம் காதுவரை சுட்டது, யாருமே இல்லாத அடுப்படியில் சேலையும் கட்டாமல் நைட்டியோடு நிற்கிறவளை யாரோ நடுத்தெருவில் நிறுத்தினது மாதிரி. பொய்யைச் சொல்லத் தெரியாதவள் சொல்லக் கூடாது, அம்மா சொல்லும், ஏட்டி, பொய் சொல்லணும்னாலும் நாலெழுத்து படிச்சிருக்கணும்.

நாலெழுத்து. அங்கேதான் வந்து முட்டுகிறது எல்லாம், எங்கே தொடங்கினாலும் அங்கேதான். பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். தரகர் சொன்னாரா, மாமா சொன்னாரா, யார் வாயில் முதலில் வந்தது என்று தெரியாது, பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபித் தட்டோடு நின்றபோது அது நடு வீட்டில் கிடந்தது, பத்தாவது பாஸ், வீட்டோட இருந்த பொண்ணு, வெயிலே படாம வளத்திருக்கோம். வெயிலே படாமல். காபி டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று ஆடியது, வெட்கம் என்று மாமியாராகப் போகிற அத்தை சொன்னாள், நல்ல வெட்கம். அஞ்சாவதோடு நின்றவள் அவள். அதிலும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், பேரு பேச்சி, வாயக் காணோம் என்று அவர் சொல்ல வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, மோட்டார் சத்தத்துக்குக் கீழே அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால்தானே தெரியும், கேட்டால்தானே தெரியாது என்பதும் தெரியும், அதனால் கேட்க மாட்டாள். கிளம்புகிற அன்றைக்கு அவன் கடகடவென்று சொன்னான், துரைக்கு ஒண்ணு விட்டு ஒரு நாள் இறால் பொடி, விளக்கைத் தொடாத, அதுபாட்டுக்கு எரியும் அணையும், டாப்-அப் மட்டும் தினமும் பண்ணிடு, மறந்திடாத, கேன் ரெண்டும் பால்கனில இருக்கு. தலையாட்டினாள். டாப்-அப் தெரியாதா, ஊரில் அண்ணன் பெட்டிக்கடையில் போடுவானே, போனுக்குக் காசு ஏற்றுவது. தினமும் எதுக்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது, வெளியூரில் நிறையப் பேசுவான் போல என்று சமாதானமும் தோன்றியது. கீழே கடையில் போய் அவன் நம்பருக்குப் போடச் சொன்னாள், மறுநாளும் போனாள், நேத்துதானேம்மா போட்டீங்க, சாரு என்ன அமெரிக்காவுக்கா பேசுறாரு என்று கடைக்காரர் கேட்டார், அவள் தரையைப் பார்த்தாள், அவர் போட்டுவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. அடிக்கிற வெயில் அப்படி, போதாததற்குத் தண்ணீர் சுடக் கூடாதென்று ஒரு குட்டி ஃபேனை அதன்மேல் வைத்து ஓடவிட்டிருக்கிறான், அந்தக் காற்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. மீன் முதுகு தெரியும்படி இறங்கினால் என்ன செய்வது. பால்கனியில் இரண்டு கேன். இரண்டும் ஒரே மாதிரி, குடிதண்ணீர் போடுகிறவர்கள் கொண்டுவரும் கேன், பச்சை மார்க்கரால் இங்கிலீஷில் எழுதியிருந்தான். ஒன்றில் எஸ், ஏ, எல், டி. அதை எழுத்துக் கூட்ட வேண்டியதே இல்லை, பார்த்ததும் வாய்க்குள் விழுந்தது, உப்பு. அவள் வாழ்க்கையில் கூட்டாமல் படிக்கிற ஒரே இங்கிலீஷ் வார்த்தை, மூட்டை மூட்டையாகக் கண்முன்னால் அடுக்கியிருந்த வார்த்தை. அடடா, கடல் தண்ணியைக் கலக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், துரை கடலில் பிறந்தவர், கடல் குறைந்தால் கடலைத்தான் ஊற்ற வேண்டும். இன்னொரு கேனில் என்னவோ எழுதியிருந்தது, தண்ணீர்க் கம்பெனி பேராக இருக்கும், அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டாள், அதில்தான் தச்சுவுக்குக் கஞ்சி காய்ச்சினாள், நல்ல ருசியான தண்ணீர். தினமும் காலையில் உப்புக் கேனிலிருந்து சொம்பால் மொண்டு கோடுவரை ஊற்றினாள், ஊற்றும்போது ஒரு பெருமைகூட இருந்தது, சொல்லாமலே செய்கிறேன் பார், படித்து அறிந்து செய்கிறேன் பார் என்று. அந்தப் பெருமையை நினைக்கும்போதுதான் இப்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. என்ன தப்பு என்று தெரியவில்லை, தப்பு தன்னுடையது என்று மட்டும் தெரிகிறது, அது அவளுக்கு எப்போதும் முதலிலேயே தெரிந்துவிடும்.

தூளி ஆடியது. தச்சு எழுந்து அழாமல் உம் உம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள், தூக்கித் தரையில் விட்டதும் நாலு காலில் நேராகத் தொட்டிக்குத்தான் போனாள், அப்பனைப் போல. பேச்சி ஈரத்துணியை எடுத்துத் தொட்டி விளிம்பைத் துடைக்கப் போனாள். இதுவும் தினமும் செய்கிற வேலைதான், ராத்திரியில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது, கண்ணாடிமேல், ஒயர்மேல், ஃபேன் காலில்கூட. முதல் நாள் அதைப் பார்த்தபோது திக்கென்றது, யாரோ அவளைத் தேடிப்பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டது மாதிரி. வேகமாகத் துடைத்தாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் அதிகமாகப் பூத்தது, அவளும் கொஞ்சம் அதிகமாகத் துடைத்தாள், யார் கண்ணிலும் படுவதற்குள், யார் இருக்கிறார்கள் பார்க்க, இருந்தாலும். துணியைப் பிழிந்தபோது தரையில் சொட்டின தண்ணீரில் தச்சு உள்ளங்கையை அடித்து, கையை வாயில் வைத்து, முகத்தைச் சுளித்தாள் பாருங்கள், மூக்கு நெற்றி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, நாக்கை முழுசாக வெளியே தள்ளி உடம்பை ஒரு உலுக்கு. ஐயோ புள்ள, என்ன தின்ன என்று பேச்சி அந்தக் குட்டிக் கையைப் பிடித்து, எதையும் நினைக்காமல், அம்மாமார் செய்கிற மாதிரி, தன் வாயில் வைத்துப் பார்த்தாள்.

கடல் இல்லை இது. நாக்கு முதலில் சொன்னது, பிறகுதான் தலை. துணியில் காய்ந்து ஏறின உப்பாக இருக்கும் என்று தொட்டித் தண்ணீரிலேயே விரலை விட்டு நக்கினாள், இதுவும் கடல் இல்லை, கடலைத் தாண்டின தண்ணீர். கடல் தண்ணீர் நாக்கில் விழுந்ததும் ஓடிவிடும், இது ஓடாமல் உட்கார்ந்துகொண்டது, பின்னால் லேசாக ஒரு கசப்பு, தாடையோரம் இழுத்தது. கடல் தண்ணீர் தேக்குகிற தெப்பத்திலிருந்து வாய்க்காலில் விட்டு, முதல் பாத்தியில் வெயில் குடித்த தண்ணீர். அம்மா குனிந்து ரெண்டு விரலால் தொட்டுப் பார்த்து நாக்கில் வைத்துத் துப்பும், உப்பு டிகிரி ஏறுதுட்டி, அடுத்த பாத்திக்குத் திருப்பு, என்று கத்தும். எதிரே வெள்ளை வெளேரென்று உப்பளம், கண்ணைக் கூசி மூடினாலும் இமைக்கு உள்ளேயும் வெள்ளை, காலில் கிழிந்த சாக்ஸ், சாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்து வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஊசியாக இறங்கும், அஞ்சாவது பரீட்சை முடிந்த மறுவாரம் அந்த வெடிப்பு வர ஆரம்பித்தது, இன்னும் போகவில்லை, எந்தக் களிம்புக்கும் போகவில்லை. வீட்டோட இருந்த பொண்ணுக்குக் கால் ஏன் இப்படி என்று அத்தை கேட்டாள், பித்தவெடிப்பு என்று சொன்னாள், அன்றிலிருந்து உட்கார்ந்தால் துணி விளிம்பைப் பாதத்துக்குமேல் இழுத்துவிடுவது கைக்குத் தானாக வந்துவிட்டது. அளம்னு வாயத் தொறந்துராத, கல்யாண மேடைக்குப் போகுமுன் அம்மா காதில் சொன்ன கடைசி வார்த்தை அது. திறக்கவில்லை. வாயைத் திறக்காததோடு நிற்கவில்லை, நினைப்பையும் திறக்கவில்லை, இறுக்கி இறுக்கி மூடி வைத்ததில் அங்கே என்ன இருந்தது என்பதே மறந்துவிட்டது. வெயில் தண்ணியத்தான் கொண்டுபோகும், உப்பக் கொண்டுபோகாது. இதற்குப் படிப்பா வேண்டும். இதை வைத்துத்தானே சோறு தின்றார்கள். தண்ணீர் போகும், உப்பு இருக்கும், மறுபடி உப்புத் தண்ணியை விட்டால் உப்பு ஏறும், ஏற ஏறப் பாத்தி பூக்கும். வீட்டு நடுவில் பாத்தி கட்டி விளைய வைத்திருக்கிறாள். ஏழு வாயுள்ள ஒரு பச்சை உயிரை உள்ளே வைத்து உப்பு விளைய வைத்திருக்கிறாள், பூக்கப் பூக்கத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறாள். தனித் திறமை.

பால்கனிக்கு ஓடி அந்த இன்னொரு கேனைப் பார்த்தாள். டி, ஓ, பி. யு, பி. டோப். டாப். அப். வற்றினதற்கு ஈடாக ஊற்ற வைத்த நல்ல தண்ணீர். கேனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே தெருவில் கோலமாவு விற்கிறவர் போனார், குக்கர் ஒன்று எங்கோ விசில் அடித்தது, உலகத்தில் எல்லோருக்கும் டாப்-அப் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். கேனில் கால்வாசி இருந்தது, மிச்சத்தைத் தச்சு கஞ்சியாகக் குடித்துவிட்டாள். இழுத்துக்கொண்டு வந்து தொட்டியோரம் வைத்தாள், சொம்பை எடுத்தாள், சொம்பைக் கீழே வைத்தாள். ஒரேயடியாக ஊற்றினால்? கோடையில் திடீரென்று மழை கொட்டின பாத்தி ஞாபகம் வந்தது, விளைந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கரைந்து கலங்கி, அம்மா வரப்பில் நின்று தலையில் கை வைத்தது. மெதுவாக. சொம்பு வேண்டாம், தச்சுவுக்கு மருந்து புகட்டுகிற பாலாடையைக் கழுவி எடுத்துவந்தாள். தொட்டியின் உப்புத் தண்ணீரை ஒரு கை மொண்டு வாளியில் விடு, ஒரு பாலாடை நல்ல தண்ணீரை மூக்கு வழியே கண்ணாடியோரமாக விடு, காத்திரு, பிறகு ஒன்று. தச்சு வந்து முட்டியைப் பிடித்து எழுந்து நின்று பாலாடையைப் பார்த்ததும் வாயை ஆவென்று திறந்தாள், மருந்தென்றால் மூடிக்கொள்கிறவள். உனக்கில்ல புள்ள, துரைக்கு. துரை திறக்கவில்லை. ஓரத்துக் குழாய் வெளிச்சம் இல்லை, கல்தான், எலும்பு மாதிரி வெறும் கல், பக்கத்ததும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போச்சுங்க என்று சொல்லலாம். ராத்திரி பூரா போச்சு, மோட்டார் நின்னுபோச்சு. பக்கத்து வீட்டில் கேட்பானா. மீன் ஏதோ கடிச்சிருக்கு என்று சொல்லலாம், பாவம் அந்த மீன். பாப்பா கையை விட்டுட்டா, இது நல்ல பொய், பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள், இதை நினைத்த அந்த நொடியில் தச்சு அவள் தோளில் எச்சில் வாயை வைத்துச் சிரித்தாள், பேச்சிக்குத் தன்னைத் தானே பார்க்கச் சகிக்கவில்லை. பத்து மாசப் பிள்ளைமேல் பழி போடவும் வந்துவிட்டாயே. மொண்டு விடு, ஊற்று, காத்திரு. தண்ணீரும் தண்ணீரும் சேரும் இடத்தில் எண்ணெய் மாதிரி நெளிந்து நெளிந்து கலந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னும் கடல் வரவில்லை, நைட்டி முழங்கால்வரை நனைந்து தரையெல்லாம் ஈரம், சாவி திரும்பின சத்தம் கேட்கவில்லை, தச்சு கையைத் தட்டினபோதுதான் திரும்பினாள்.

குமரவேல் பையை இறக்காமல் வாசலிலேயே நின்றான். பத்து நாள் தாடி வளர்ந்திருந்தது. தொட்டியைப் பார்த்தான், வாளியை, கேனை, பாலாடையைப் பார்த்தான், குனிந்து தச்சுவைத் தூக்கி மொட்டையைத் தடவினான், தடவின கை நின்றது.

"போட்டோல இவளுக்குக் குடுமி இருந்துச்சு," என்றான்.

பேச்சி தரையைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து மூடியிருக்கு?"

"நீங்க போயி ஒரு ரெண்டு மூணு நாள்ல."

"தினமும் டாப்-அப் பண்ணச் சொன்னேனே பேச்சி."

"பண்ணினேன்."

"பண்ணியா? எதுலேர்ந்து?"

"கீழ கடையில. உங்க போனுக்கு."

அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான், பிறகு புரிந்தது, முகம் முழுக்கப் புரிந்தது. "அடிப்பாவி, அந்த மெசேஜெல்லாம் நீயா! முதலாளி போட்டார்னு நினைச்சு அவருக்கு தேங்க்ஸ் சொன்னேன்டி, அந்த ஆளும் பரவால்லப்பா, பரவால்லப்பானு வாங்கி வச்சுக்கிட்டான்!" பையைப் பொத்தென்று போட்டுவிட்டுச் சிரித்தான், சுவரில் சாய்ந்து சிரித்தான், அப்பன் சிரிப்பதைப் பார்த்துத் தச்சுவும் இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள். வகுப்பறை முழுசும் சிரித்தது. "கேன்ல இவ்ளோ பெருசா எழுதியிருக்கேன், பத்தாவது படிச்ச பொண்ணு, டாப்-அப்னு படிக்கக் கூடவா…"

"நான் பத்தாவது படிக்கல."

சொன்னது தான்தான் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் நிறுத்தலாம், எட்டாவது என்று சொல்லலாம், ஒன்பதாவது என்று சொல்லலாம், நல்ல பொய்கள் வரிசையாக நின்றன. "அஞ்சாவது. அதுக்கப்புறம் அளத்துக்குப் போயிட்டேன். உப்பு வார. கல்யாணம் வரைக்கும் அதான்."

சிரிப்பு அவன் வாயில் பாதியில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. தச்சுவை இறக்கிவிட்டான். அலமாரியிலிருந்து உப்பு பார்க்கிற கண்ணாடிக் குழலை எடுத்து ஒரு சொட்டு விட்டு ஜன்னலைப் பார்த்துக் கண்ணில் வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான், அவ்வளவு நேரம் அதில் பார்க்க எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். "இன்னும் ஜாஸ்திதான்," என்றான் குழலிடம். "உப்புதான்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நக்கிப் பார்த்தேன்."

அவன் தொட்டிமேல் குனிந்தான். "இந்த ரெண்டு தலை போச்சு. திரும்பாது. மத்தது…" உதட்டைப் பிதுக்கினான். "தெரியல பேச்சி." பிறகு அவளைப் பார்க்க முகத்தைத் திருப்பியவன் பார்வை வழுக்கிக்கொண்டு கீழே போய், ஈர நைட்டிக்குக் கீழே, ஈரத் தரையில் நின்றது. பித்தவெடிப்பு என்று சொல்லியிருந்த பாதங்கள். தண்ணீர் பட்டு வெடிப்பெல்லாம் வெள்ளையாக விரிந்திருந்தன. அவன் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது போலிருந்தது. தானாக வளைந்த கால்விரல்களை அவளால் நிமிர்த்த முடியவில்லை, கை தானாக நைட்டி விளிம்புக்குப் போனது, போன கையில் பாலாடை இருந்தது.

கேனைச் சாய்த்துப் பாலாடையை நிரப்பினாள். கண்ணாடியோரமாக விட்டாள். காத்திருந்தாள். கால் மூடாமல் அங்கேயே இருந்தது.